வெஸ்லினுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

ஓசூர்,
ஜூலை 8

அன்பு மகள் லிபியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளை வெஸ்லினும் கொஞ்சமாவது தூங்கி எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வழக்கமாகக் கடிதத்தின் தலையில் ஒரு முழம் ஸ்தோத்திரம் எழுதித்தான் ஆரம்பிப்பேன். இன்றைக்கும் கை தானாக அதை எழுதப் போனது. நிறுத்திவிட்டேன். ஏன் என்று படித்தால் உனக்கே புரியும்.

நீ என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. டவர் கோளாறு என்று நினைத்து மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். மாடி போர்ஷனில் புதிதாக மூன்று பெண்கள் குடிவந்திருக்கிறார்கள், மொபைல் கம்பெனியில் வேலை. அதில் பொற்கொடி என்ற பெண் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, அவங்க உங்களை பிளாக் பண்ணியிருக்காங்க ஆன்ட்டி என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். பெற்ற மகள் கதவைச் சாத்தியதை வாடகைக்கு வந்த பெண் எனக்குப் படித்துச் சொல்லும்படி ஆயிற்று. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலிதான். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது ஒரு சத்தம் போடுவார், இறங்கும்போது ஒரு சத்தம் போடுவார். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. இங்கே காலையில் பனி மாதிரி தூறிக்கொண்டே இருக்கிறது, துணி காய மாட்டேன் என்கிறது. புனேயில் இதைவிட மழை என்று டிவியில் பார்த்தேன். வெஸ்லின் மழையில் வண்டி எடுக்க வேண்டாம்.

சரி, சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். போன வாரம் நீ அப்பாவைக் கூப்பிட்டபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை எச்சில் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். நான் ரசம் ஊற்றக் கரண்டியோடு பக்கத்தில் நிற்கிறேன். நீ எடுத்த எடுப்பில், "அம்மாகிட்ட எதுவும் சொல்லிராதீங்கப்பா. சொன்னீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே ஜெபக் குறிப்பு ஆயிரும்" என்றாய். அப்பா அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். எச்சில் கையாலேயே அணைத்தார். நான் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து உன் போன் வந்தால் அவர் வாசலுக்கு எடுத்துக்கொண்டு போகிறார். நான் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுகிறேன், காதில் விழாமல் இருக்கட்டும் என்று.

கடைசியாக நாம் பேசியபோது, எனக்குத் தெரியாமல் நடந்துபோச்சு, நல்லதுக்குத்தானே செய்தேன் என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். வைத்தது சரிதான். தெரியாமல் நடக்கவில்லை லிபி. நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் அதை நான் இதுவரை பூசி மெழுகாமல் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெஸ்லினின் ஷிப்டில் பிரஸ் மெஷினில் ஒரு பையனின் விரல்கள் போனதையும், அதிலிருந்து மாப்பிள்ளைக்குத் தூக்கமில்லாமல், ஷெட்டுக்குள் கால் வைத்தாலே நெஞ்சு படபடத்து, மனநல டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதையும் நீ ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுதுகொண்டே எனக்குச் சொன்னாய். அவங்க வீட்டுக்குக்கூடத் தெரியாதும்மா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க என்றாய். நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சரி என்றேன்.

அன்றைக்கு நம் சபைப் பெண்கள் குரூப்பில் வாய்ஸ் ஜெபம் அனுப்புகிற முறை என்னுடையது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியுமே. ஒரு சகோதரியின் குடும்பத்தில், ஒரு வாலிபத் தம்பியின் வேலையில் என்று பெயர் சொல்லாமல் சொல்லுவோம். கேட்கிறவர்கள் காய் நறுக்கிக்கொண்டே அது யார் வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த மாதிரிதான் ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் என் ஜெபம் இன்னும் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் தெரியும். அந்த வேகத்தில், என் மருமகன் வெஸ்லின் என்று பெயர் சொல்லிவிட்டேன். அதோடு விட்டேனா? மாத்திரைகளின் கட்டிலிருந்து அவனை விடுதலையாக்கும், ஒரு மருந்தும் இல்லாமல் அவனை நிமிர்ந்து நிற்கச் செய்யும் என்றும் சொன்னேன். அந்த மாத்திரை நல்லதா கெட்டதா என்று நான் யோசிக்கவே இல்லை. பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அந்த இடத்துக்கு ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது, அது வந்து உட்கார்ந்துகொண்டது. அனுப்பின பிறகு ஒரு தடவை போட்டுக் கேட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அது கை மாறிக் கை மாறிக் கிருஷ்ணகிரிக்குப் போய், உன் மாமனார் போனுக்கு வந்து, அவர் அதை மகனுக்கே அனுப்பி, அத்தையே ஜெபித்துவிட்டார்கள், இனிமேல் விசுவாசத்தோடு மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை தூக்கிப் போட்டுவிட்டார். டாக்டர் திடீரென்று நிறுத்தவே கூடாது என்று சொல்லியிருந்தாராம். அப்புறம் அவர் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, போனை அணைத்துவிட்டு, பகலெல்லாம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததும், நீ மழையில் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் அலைந்ததும் அப்பா சொல்லித்தான் தெரியும். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களா, வீட்டில் இருக்கிறாரா, மறுபடியும் மாத்திரை போடுகிறாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

நான் இப்போது குரூப்பில் இல்லை. வெளியே வந்துவிட்டேன். புதன்கிழமை நம் வீட்டில் நடக்கிற ஜெபக் கூட்டத்தையும் வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு வெங்கடம்மாள், ஏமக்கா, உங்க வீட்டுல பாட்டுச் சத்தமே காணோமே என்று கேட்டாள். தொண்டை சரியில்லை என்றேன். பாவம், மறுநாள் காலையில் மிளகுக் கஷாயம் வைத்துத் தூக்கில் கொண்டுவந்து கொடுத்தாள். பொய் சொன்ன வாய்க்கு வந்த கஷாயம். காரம் தாங்கவில்லை, ஆனால் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்று நான் எத்தனை பெண்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்! இப்போது பூட்டலாம் என்று போனால் நம் சின்ன அறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அது இல்லை என்று எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவிடம் தாழ்ப்பாள் வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாயங்காலம் கம்பெனி விட்டு வரும்போது வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார்.

உள்ளே போய்த் தாழிட்டு முழங்காலில் நின்றேன். வாயைத் திறந்தால் மைக்கில் பேசுகிற ஜெபமே வருகிறது. இந்த நல்ல வேளைக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம் என்கிறேன். செலுத்துகிறோமாம்! அறையில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஒரு வாக்கியம் முடித்துவிட்டு நிறுத்துகிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் மற்றவர்கள் ஆமென் சொல்லுவார்கள். ஒருவரும் சொல்லவில்லை. என் காது அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது லிபி. இத்தனை வருஷமும் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரிந்தது. எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு ஜெபிக்கவில்லை.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. கவரைப் பிரிக்காமல் வைத்தாலும் வருத்தப்பட மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு கண்ணு. வெறும் டீயைக் குடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடாதே.

தலை குனிந்து,
உன் அம்மா
ஜெபசீலி


ஓசூர்,
ஆகஸ்ட் 11

அன்புள்ள லிபிக்கு,

அம்மா மறுபடியும் எழுதுகிறேன். முதல் கடிதம் கிடைத்ததா என்று அப்பாவிடம் கேட்டேன். கிடைச்சிருக்கும் என்றார். அவர் அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே இரண்டு காரியம் நடந்தது. உனக்கு எழுதாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இரண்டுமே என்னைப் பற்றியதுதான், வேறு யார் வீட்டுக் கதையும் இல்லை, பயப்படாதே.

போன வாரம் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார்கள். நான் குரூப்பை விட்டு வந்ததும் கூட்டத்தை நிறுத்தியதும் அவர்களுக்கு மனக்கஷ்டம். நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. காபி குடித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, வருகிற பெண்கள் ஞாயிறு ஆராதனையில் நீங்க ஒரு சாட்சி சொல்லுங்க சிஸ்டர், நடந்ததை அப்படியே சொல்லி மனசு உடைஞ்சு நில்லுங்க, எத்தனை பேர் தொடப்படுவாங்க தெரியுமா என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அவர்கள் தெரு முனை திரும்பியிருக்க மாட்டார்கள், என் மனசு வேலையை ஆரம்பித்துவிட்டது. தோசைக்கு அரைத்துக்கொண்டிருக்கிறேன், கிரைண்டர் சத்தத்துக்குள்ளே நான் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது, எந்த இடத்தில் குரல் இறங்க வேண்டும், மகள் என்னைப் பிளாக் பண்ணினாள் என்பதை முன்னால் சொல்வதா பின்னால் சொல்வதா, எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. வெள்ளைப் புடவையா சந்தனக் கலரா என்று அதுவரைக்கும் போய்விட்டேன். மாவு பொங்கி வழிந்து தரையில் இறங்கியபோதுதான் நினைவு வந்தது. சீ என்று ஆகிவிட்டது. உன் கண்ணீரை ஒரு தடவை தூக்கிக்கொண்டுபோய் ஊருக்குக் கொடுத்தேன். அது தப்பு என்று அழுகிற சாக்கில் மறுபடியும் அதையே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறேன். செய்த தப்பைவிட இது எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. தப்பு நடந்து முடிந்தது. இது என் உள்ளே இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பாஸ்டரம்மா வீட்டுக்கே போய், முடியாது என்று சொல்லிவிட்டேன். பெருமை இன்னும் உடையவில்லையோ சிஸ்டர் என்றார்கள். இருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்ல? விளக்கம் சொன்னால் மறுபடியும் உன்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சபையில் சிலர் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஜெபசீலி விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டாள் என்று ஒரு பேச்சு ஓடுகிறதாம். எனக்காக ஜெபக் குறிப்பு வைத்திருக்கிறார்களாம். சிரிக்காதே. அல்லது சிரி. நீ சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

இரண்டாவது காரியம், நான் கிருஷ்ணகிரிக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. அந்த மாத்திரையைப் பற்றி நான் சொன்னதை நானே போய்த் திரும்ப எடுத்தால் ஒழிய எனக்குச் சோறு இறங்காது என்று தோன்றிற்று. அப்பா கூட வருகிறேன் என்றார். வேண்டாம், நான் தனியாகவே போய்விட்டு வருகிறேன் என்றேன். பஸ்ஸில் சூளகிரி வரைக்கும் என்ன பேசுவது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். அப்புறம் அதுவும் மேடைப் பேச்சாகப் போகிறது என்று தெரிந்து விட்டுவிட்டேன். பக்கத்து சீட்டில் கன்னடம் பேசுகிற ஒரு அம்மா தூங்கி என் தோளில் சாய்ந்துகொண்டார்கள். அவர்களைத் தாங்கிக்கொண்டே போனேன்.

பழையபேட்டை வீட்டில் உன் மாமனார் ராஜ்குமார் சார் முன் அறையில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். சபைச் செயலாளராக இருந்துகொண்டு ஊருக்கே தலைமையாசிரியர் மாதிரி நடப்பாரே, அந்த நடை இல்லை. உன் மாமியார் எஸ்லின் அண்ணி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரத்திலேயே நின்றார்கள். நான் உட்காரவில்லை. மாத்திரை வேண்டாம் என்று ஜெபித்தது என் தப்பு, அதை மாப்பிள்ளையிடம் நீங்கள் சொல்ல வேண்டும், டாக்டர் சொன்னபடி அவர் மருந்து சாப்பிட வேண்டும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? என் பிள்ளை பேரு ஊரெல்லாம் நாறிப்போச்சு, பிரசங்க பீடத்துல இருந்து பேர் சொல்லி ஜெபிச்சாங்க, நான் முன் வரிசையில உட்கார்ந்திருந்தேன் என்றார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் குரலை இறக்கி, "நீங்கதானே ஜெபிச்சீங்க. உங்க வாயில வந்ததத்தானே நான் பையனுக்கு அனுப்பினேன். இப்ப வந்து மாத்திரை வேணும்ங்கிறீங்க. அப்ப அன்னிக்கி ஜெபிச்சது ஜெபம் இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒப்புக்கொண்டால் இத்தனை வருஷம் நான் யாராக இருந்தேனோ அது போய்விடும். ஓசூரில் எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் ஜெபசீலியைக் கூப்பிடு என்பார்களே, அந்த ஜெபசீலி. ஆனால் உன் புருஷன் அங்கே இன்னும் மாத்திரை இல்லாமல் உட்கார்ந்திருந்தால்?

"இல்லீங்க சம்பந்தி. அது ஜெபம் இல்ல. அது நான் பேசினது" என்றேன்.

கதவோரத்தில் நின்ற எஸ்லின் அண்ணி அவரைப் பார்த்து, நீங்க சுகர் மாத்திரைய ஒருநாளாச்சும் விட்டிருக்கீங்களா என்று மெதுவாகக் கேட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், அப்படி விழித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அண்ணி வற்புறுத்தினார்கள். சாப்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்தபோது, மாப்பிள்ளை இப்போ எப்படி இருக்கிறார் என்ற கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அண்ணிக்குத் தெரிந்திருக்கும், கேட்டால் சொல்லியிருப்பார்கள். நீ எனக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். இதை ஏதோ பெரிய தியாகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வரும் வழியெல்லாம் கேட்டிருக்கலாமோ கேட்டிருக்கலாமோ என்று அடித்துக்கொண்டுதான் வந்தேன்.

அவர் மாப்பிள்ளையிடம் பேசுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. பேச வேண்டும். நீயும் மாத்திரை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. யார் எந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், நான் சொல்லிக்கொண்டு வந்தாலும், டாக்டர் சொல்வதைக் கேள்.

உங்கள் இருவர் மேலும் ஆண்டவருடைய கை இருக்கட்டும்.

உன் அம்மா
ஜெபசீலி


ஓசூர்,
செப்டம்பர் 21

லிபி கண்ணுக்கு,

அம்மாவின் அன்பு.

எஸ்லின் அண்ணி நேற்று போன் பண்ணினார்கள். கிருஷ்ணகிரி வீட்டில் தான் மட்டும் இருப்பதாகவும், ராஜ்குமார் சார் புனேக்கு ரயில் ஏறிப் போய் ஒரு வாரமாகிறது என்றும் சொன்னார்கள். மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்களாம். அதைக் கேட்டு நான் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி மேலே ஏதோ சொல்ல வந்தார்கள். அண்ணி, போதும், லிபி எனக்குச் சொல்லாததை நீங்களும் சொல்ல வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதற்கு என் மேல் கோபப்படாதே. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட, அவருக்குத் தெரிந்திருந்தும், சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். அவருக்கு அன்றைக்கு இரண்டு இட்லி அதிகம் இறங்கியது.

இன்னொன்று. மாடியில் இருக்கிற பொற்கொடி போன மாதம் ஒருநாள் வேலைக்குப் போகாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் துணி எடுக்கப் போனவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு காரியம் என்னிடம் சொன்னாள். அவள் நம்ம சபை இல்லை, நம்ம மதமும் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, உங்க சாமிகிட்ட சொல்லுங்க ஆன்ட்டி, வேற யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள். அவள் சொன்னது என்ன என்று உனக்கும் நான் எழுத மாட்டேன். எழுதுகிற ஆசை இருக்கிறது. இந்தப் பேனாவுக்கே நமைச்சல் எடுக்கிறது. அந்தப் பெண் எதை நம்பி என்னிடம் சொன்னாளோ! என் லட்சணம் தெரிந்திருந்தால் வேறு மாடிப்படியைத் தேடிப் போயிருப்பாள்.

அன்றைக்கு உள்ளே போய்த் தாழிட்டு உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று தோன்றிற்று. சின்ன வயதிலிருந்து நான் ஆண்டவரிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன், உன்னைப் பற்றி, என் மாமியாரைப் பற்றி, சொல்லவே கூசுகிற பொறாமைகளைப் பற்றி எல்லாம். அத்தனையும் கேட்டிருக்கிறார். ஒன்றைக்கூட அவர் யாரிடமும் போய்ச் சொல்லவில்லையே. யாருடைய காதிலும் போடவில்லையே. அப்படிப்பட்டவருக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் நடந்துகொண்டதை நினைத்தால் உடம்பே கூசிப் போயிற்று. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தக் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் அவர் கிட்டே இருக்கிறார் என்று முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. மைக் பிடித்த நாளில் ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை.

இப்போது என் ஜெபம் மிகச் சின்னது. முன்னெல்லாம் ஆண்டவருக்கே வேலை சொல்லுவேன், இதை நீக்கும், அதைக் கொடும், இன்றைக்கே செய்யும் என்று, லைன் சூப்பர்வைசர் மாதிரி. இப்போது வெஸ்லின் என்கிறேன். கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். அப்புறம் லிபியா என்கிறேன். அப்புறமும் சும்மா இருக்கிறேன். சில நாள் அதுவும் வராது. வெங்கடம்மாள் வீட்டுக் குக்கர் விசில் கேட்கும், அப்பா இருமுவது கேட்கும். அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். இதற்குப் பெயர் ஜெபமா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் பேச்சு இல்லை, அது நிச்சயம்.

வெங்கடம்மாளிடம் தொண்டை விஷயம் பொய் என்றும் சொல்லிவிட்டேன். தெரியும்க்கா, தொண்டை சரியில்லாதவங்க அண்ணனை அந்தச் சத்தம் போடுவாங்களா என்றாள். எவ்வளவு வெட்கம் பார். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

நீ எனக்குப் போன் பண்ண வேண்டும் என்று கேட்க மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்படியும் கேட்க மாட்டேன். அது உனக்கு எப்போது வருமோ அப்போது வரட்டும், வராமல் போனாலும் நீ என் மகள்தான். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நீ போனை வைக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் ஜெபிச்சுக்கோங்கம்மா என்பாய். நானும் சரி சரி என்று பாதிக் காதோடு கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அந்த வார்த்தை இப்போது எனக்கு வருவதில்லை. அப்பாவோடு பேசி முடிக்கும்போது என்றைக்காவது ஒருநாள், உனக்கு மனசு இருந்தால், அம்மாவை ஜெபிச்சுக்கச் சொல்லுங்க என்று அவரிடம் சொல். எதற்கு என்று சொல்லாதே. யாருக்கு என்றும் சொல்லாதே. அவர் வாசலிலிருந்து உள்ளே வந்து அந்த வார்த்தையை மட்டும் சொல்லட்டும். நான் கேட்க மாட்டேன் லிபி. ஏன் என்று அவரையும் கேட்க மாட்டேன், ஆண்டவரையும் கேட்க மாட்டேன்.

உன் அம்மா